சாமிதுரை சிவப்பாக இருந்தார்

கணினி அறையில் பத்து கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் அறைத் திரையோ, பள்ளிக்கே ஒரு கம்ப்யூட்டர்தான் என்று சாதித்தது.

"மீதி ஒம்பது எங்கம்மா போச்சு?" என்றார் தலைமையாசிரியர் லட்சுமிநாராயணன். மாடு காணாமல் போனவர் குரல்.

"எங்கயும் போவல சார். வந்து பாருங்க, எல்லாம் வச்ச எடத்துலதான் இருக்குது," என்றாள் கனகா.

"இருந்து என்ன பிரயோஜனம்? திரையில இல்லையே."

கனகா அந்தப் பள்ளியின் கணினிப் பயிற்றுநர். தொகுப்பூதியம். ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு ஆணை வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. அவள் புருஷன் பக்கிரி செராமிக் கம்பெனியில் மண் அரைக்கிற பக்கம் நின்றவன். அரைத்த தூளில் பாதி கம்பெனிக்குப் போனது, பாதி அவன் நெஞ்சுக்குள் போனது. இப்போது வீட்டில் உட்கார்ந்து இருமுகிறான். அடுப்பு எரிவது கனகாவின் ஆணையை நம்பித்தான்.

இந்த ஆண்டு ஆணை வரவில்லை. அதற்குப் பதிலாக வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று வந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்ற வேண்டும். எது எப்படி இருக்கிறது என்பது தலைமையாசிரியர் திரையில் தெரிய வேண்டும். நல்லதாக இருந்தால் பச்சை, நோய் கண்டிருந்தால் சிவப்பு. வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார்.

"உன் ஆர்டரும் அவர் கையிலதாம்மா இருக்கு," என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். "எல்லாம் பச்சையா இருந்தா உன்னை எப்படி வேண்டாம்பார்? நீயே சொல்லு."

கனகாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திரையில் ஒன்றே ஒன்று தெரிவதற்குக் காரணத்தை அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டாள். கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கியவன் சோம்பேறி. ஒன்றைத் தயார் செய்து, அதையே மற்ற ஒன்பதிலும் நகல் எடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பேர் முதற்கொண்டு ஒன்றே.

"பத்துப் புள்ளைக்கும் ஒரே பேரு வச்சா வாத்தியாரு ஒருத்தனுக்குத்தானே சார் ஆஜர் போடுவாரு? நான் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் குடுத்துடறேன்."

தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். "யாருக்கும்மா ஒண்ணாம் நம்பர் குடுப்ப?"

விஷயம் இதுதான். பத்து கம்ப்யூட்டரும் ஊர்ப் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் கொடுத்தவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பேரைச் சிவப்புப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். சிலருடைய பேர் நீளம். அது திரைக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆண்டு விழாவில பொன்னாடை போடற வரிசை மாறினதுக்கே ரெண்டு பேர் சாப்பிடாம எழுந்து போனாங்க. இதுல பத்தாம் நம்பர்னு ஒருத்தருக்கு எழுதினா நான் இந்த ஊர்ல இருக்க முடியாது. கொடுத்தவங்க பேரையே மிஷினுக்கும் வச்சிடு."

வைத்தாள். சூளையைத் திறக்கிறவன் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பத்துப் பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். ஒன்பது பேர் பச்சை. சாமிதுரை மட்டும் சிவப்பு.

அந்த மென்பொருள் தமிழிலும் பேசும். தலைமையாசிரியர் தமிழ்ப் பற்றோடு தமிழைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். சாமிதுரையின் பேருக்குக் கீழே அது தனக்குத் தெரிந்த தமிழில் எழுதியிருந்தது: 'சாமிதுரை ஆபத்தானது. மற்றவர்களிடமிருந்து விலக்கி வைக்கப்பட்டது.'

மறுநாள் காலையில் சாமிதுரை வந்தார். தாம் கொடுத்த கம்ப்யூட்டரை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். பீங்கானில் ஃபியூஸ் கட்டை சுடுகிற கம்பெனி வைத்திருப்பவர். தலைமையாசிரியர் அறைத் திரையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத யாரு எழுதுனது?"

"அதுவாத்தாங்க எழுதிக்குது," என்றாள் கனகா.

"அதுக்கு என்ன எப்பிடித் தெரியும்?"

"உங்களைச் சொல்லலை. உங்க மிஷினைச் சொல்லுது," என்றார் தலைமையாசிரியர்.

"பேரு என் பேருதானே சார் போட்டிருக்குது. பக்கத்துல நடராசன் பச்சையா நிக்கறான். கக்கூஸ் பேசின் சுடறவன் சுத்தம், நான் தொத்து வியாதிக்காரனா?"

நடராசனும் உபயதாரர்தான். இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் யாருடையது என்று கோர்ட்டில் வழக்கு.

"மத்தியானத்துக்குள்ள பச்சையாக்கிடறேங்க," என்றாள் கனகா.

"ஆக்கு. இல்லன்னா ஆள வுட்டு மிஷின வூட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்."

கனகா சாமிதுரையைச் சுத்தம் செய்தாள். பச்சையானார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் சிவந்துவிட்டார். மறுபடி சுத்தம் செய்துவிட்டு, இந்த முறை டீக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சாமிதுரையில் சொருகினார். பிரின்டர் அதோடுதான் இணைந்திருந்தது. அதிகாரிக்கான வரவேற்புரையை அச்செடுத்துப் படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தை மாற்றினார். மறுபடி சொருகினார்.

அந்தப் பென்டிரைவ் போகாத இடமில்லை. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை, கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கிற பிரஸ், மகள் ஜாதகம் பார்க்கிற இடம். போகிற இடத்தில் எல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து சாமிதுரையின் தலையில் இறக்கிவிடும்.

"சார், அந்தப் பென்டிரைவு..."

"என் பென்டிரைவில என்ன? சாமி படமும் வரவேற்புரையும்தான் இருக்கு."

சாமி படம் இருக்கிற ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆணை வரவேண்டிய நேரத்தில். கனகா பிரின்டரைக் கழற்றிப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். சாமிதுரை பச்சையானார், அப்படியே நிலைத்தார்.

பக்கத்துக் கம்ப்யூட்டர் நடராசனுடையது.

வியாழக்கிழமை சாமிதுரை மறுபடி வந்தார். நடராசன் சிவந்து போய், விலக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்து வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப்பில் போட்டார். கனகாவைப் பார்த்து, "நல்லா வேலை செய்யிதும்மா இது. பொய் சொல்லாத மிஷினு," என்றார்.

அடுத்து நடராசனிடமிருந்து போன் வந்தது. தலைமையாசிரியர் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். ஸ்பீக்கர் போடாமலே அறை முழுக்கக் கேட்டது.

"எவ்வளவு வாங்கினீங்க சார் அவன்கிட்ட, என்னைச் செவப்பாக்க?"

போனை வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் கனகாவைப் பார்த்தார். "நாளைக்கு அதிகாரி வர்றார். இன்னிக்கு நீ ரெண்டு செராமிக்கையும் மோத விட்டிருக்க. உன் ஆர்டருக்கு நீயே குழி வெட்டற."

கனகாவுக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும், வேலை ஓடாது. மென்பொருளைக் குடைந்து குடைந்து பார்த்தாள். ஒரு மூலையில் அந்த வசதி இருந்தது: வெளியிலிருந்து சொருகும் எதையும் உள்ளே விடாதே. தலைமையாசிரியரின் மனம் நோகாது. பென்டிரைவ் தானாகவே வேலை செய்யாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் சுத்தம் செய்தாள். தலைமையாசிரியருடையது உட்பட எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து அந்தக் கட்டளையை அழுத்தினாள். அணைக்காமல் வைத்தால் ராத்திரியில் அமலாகும் என்றது மென்பொருள். பத்தும் பச்சை.

வீட்டுக்குப் போனதும் பக்கிரி கேட்டான்: "ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆர்டர் வந்தவுடனே உன்னப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் பெருக்குகிற வீரம்மாள் கணினி அறை வாசலில் நின்றிருந்தாள். "டீச்சர், புள்ளைங்க என்னென்னமோ பண்ணிப் பாக்குதுங்க. ஒண்ணும் அசைய மாட்டேங்குதாம்."

கனகா ஓடினாள். மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்பு நகரவில்லை. எழுத்துப் பலகையைத் தட்டினாள். எழுத்து விழவில்லை. அப்போதுதான் உறைத்தது. மவுஸும் எழுத்துப் பலகையும் பென்டிரைவ் மாதிரியே வெளியிலிருந்து சொருகியவை. அந்த மென்பொருள் சொன்ன சொல்லைத் தட்டவில்லை, எதையும் உள்ளே விடவில்லை.

கட்டளையைத் திரும்ப வாங்கலாம் என்றால், அதைத் தலைமையாசிரியர் கம்ப்யூட்டரிலிருந்துதான் வாங்க வேண்டும். அதன் மவுஸும் செத்துக் கிடந்தது. திரையில் பத்துப் பேரும் பச்சை நிறத்தில், காலண்டர் படம் மாதிரி அசையாமல் நின்றார்கள்.

தலைமையாசிரியருக்கு வேர்த்தது. "கார் பாலக்கரைய தாண்டிட்டுதாம். இப்ப என்ன செய்யறது?"

"புள்ளைங்க எதையும் தொடாம இருந்தா தெரியாது சார்."

பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்தார். சாமிதுரையும் நடராசனும் பொன்னாடையோடு இரண்டு பக்கமும் வந்தார்கள். தலைமையாசிரியர் அறைத் திரையைப் பார்த்தார்கள். இருவரும் பச்சை. இருவர் முகத்திலும் லேசான ஏமாற்றம்.

"ஏன் யாரும் எதையும் தொடலை?" என்றார் அதிகாரி, கணினி அறைக்குள் வந்ததும்.

"பாதுகாப்பு சார்," என்றார் தலைமையாசிரியர்.

"இதைத்தான் நான் போற எடமெல்லாம் சொல்றேன். கம்ப்யூட்டரக் குடுத்தா எடுத்து நோண்ட ஆரம்பிச்சிடறாங்க." திரும்பினார். "யாரு இதைப் பண்ணது?"

"நம்ம கனகாதான் சார்."

"முழுசாப் பச்சை. எங்கயும் நான் இப்பிடிப் பாக்கல. ரிப்போர்ட்டுல எழுதறேம்மா."

கனகாவுக்கு நெஞ்சில் ஏற்றியிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

அதிகாரி உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே ஒரு டம்ளர் டீ எடுத்துப்போய் வெளியே காரில் சாய்ந்து நின்ற டிரைவரிடம் கொடுத்தாள்.

"அண்ணே, நீட்டிப்பு ஆர்டர் பத்தி சார் கார்ல ஏதாச்சும் பேசினாருங்களா?"

"காலையில ஒரு ஸ்கூலு பாத்தோம்மா. ஒண்ணுகூடப் பச்சையா இல்ல, எல்லாம் செவப்பு. அங்கயே அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

"எல்லாம் செவப்பா? அதுக்கே போட்டாருன்னா எனக்குக் கேக்கவே வேணாம்."

டிரைவர் டீயை ஊதினார். அவளைப் பார்க்கவில்லை.

"பச்சையாயிட்ட ஸ்கூல இனிமே கடலூர்லேந்தே பாத்துக்கறாங்களாம்மா, பச்சையாவாத எடத்துக்குத்தான் ஆளு."