குட்டிக் குழி வாத்தியார்

கோல்ஃப் மைதானங்களில் ஓர் இனம் உலவுகிறது. குட்டிக் குழி வாத்தியார் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். தூரத்தில் இருக்கும் குழிகளுக்கு அடிக்கும்போது இவர் வாயே திறக்கமாட்டார். ஆனால், குழியில் நட்ட கொடி கண்ணெதிரே தெரிகிற, மூன்றே வீச்சில் பந்தை உள்ளே சேர்க்கவேண்டிய குட்டிக் குழி வந்துவிட்டால் போதும். ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, தொண்டையைக் கனைத்து, பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் சீடராக்கிக்கொள்வார். சீடருக்குச் சம்மதமா? அதை யார் கேட்டது?

நம் பல் டாக்டர் இந்த இனத்தின் அசல் வாரிசு. வாயில் பஞ்சு அடைத்த மனிதர்களோடு பேசியே பழகியவர். மறுபேச்சு கேட்டு வழக்கமில்லை.

மகளுக்குக் கல்யாணமான கையோடு, மரக்கடை வைத்திருக்கும் சம்பந்தியை மைதானத்துக்கு அழைத்தார். எந்த விஷயத்திலாவது பெண் வீட்டின் கை ஓங்கவேண்டாமா?

“அவரை ரொம்பத் தோக்கடிச்சுடாதீங்க, முகம் வாடிடும்” என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

கொடி நட்ட புல்திட்டுக்கு முன்னால் ஒரு குளம். டாக்டர் ஆரம்பித்தார்.

“கொடியைப் பார்க்காதீங்க சம்பந்தி, அது ஆளை இழுக்கும். திட்டுக்கு நடுவுல குறி வைங்க. கொஞ்சம் அதிக தூரம் அடிக்கிற பெரிய மட்டையா எடுத்து முக்கால் பலத்துல அடிங்க. ஓங்கி அடிக்கிறவன் பந்து குளத்துக்குத்தான்.”

அத்தனையும் சத்தியமான வார்த்தை. சம்பந்தி சொன்னபடியே செய்தார். பந்து நடுத்திட்டில் போய் உட்கார்ந்தது.

“இவ்வளவுதானா?” என்றார்.

அந்த ஒரு சொல்தான் தைத்துவிட்டது. தானும் நடுத்திட்டில் போட்டால் இருவரும் சமம். வாத்தியாரும் மாணவனும் சமமா? டாக்டரின் கை அவ்வளவு தூரம் போகாத சின்ன மட்டையை எடுத்தது. கண் கொடியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. ஊரார் பல்லைக் கடித்தால் கண்டிக்கிறவர், தன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு வீச்சு வீசினார்.

தொபுக்.

“காத்து திடீர்னு திரும்பிடுச்சு. நானும் பார்த்தேன்” என்றார் சம்பந்தி. புல் நுனிகூட அசையவில்லை.

“அதேதான்!” என்று டாக்டர் பற்றிக்கொண்டார்.

இரண்டாவது பந்தும் தொபுக். காது மடல் சிவந்துவிட்டது.

“எனக்குச் சொன்னதையே நீங்களும் செஞ்சு பாருங்களேன்.”

“அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு, சம்பந்தி.”

பையிலிருந்த பந்துகள் தீர்ந்தன. சம்பந்தி தன்னுடையதை நீட்டினார். குளம் அதையும் வாங்கிக்கொண்டது.

டீ குடிக்கும் இடத்தில் டாக்டர், அங்கே கூடியிருந்த தன் நண்பர்களின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சம்பந்திதான் எழுந்து சொன்னார்: “முதல் நாளே பந்தைத் திட்டுல போட்டேங்க. எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்தது!”

டாக்டர் மெல்ல நிமிர்ந்தார். சம்பந்தியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு பக்கத்து மேஜைக்காரர் பக்கம் திரும்பி, “உங்க மட்டையைப் பிடிக்கிற விதம் இருக்கே...” என்று ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை என்கிறீர்களா? மட்டை எதற்கு? “பதறாம எழுது” என்று பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் நகம் கடித்துக்கொண்டு நின்றவர் யார்? இப்போதுகூட, தயவுசெய்து விரலை வாயிலிருந்து எடுங்கள்.