குழாய்க்குள் ஆயில்யம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் திண்டிவனத்து மனிதர்களுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. எல்லாரும் நட்சத்திரம்தான். "இன்னா ரோகிணி, மல்லாட்டை நல்லா வெளஞ்சிதா?" என்பார்கள். கேட்டையில் பிறந்தவனுக்குச் சவரம் செய்யக்கூட ஆளில்லை. எல்லாம் சந்தை மேட்டில் கூடாரம் போட்ட நட்சத்திரச் சாமியாரின் உபயம். பட்டப்பகலில் அவரவர் நட்சத்திரத்தைக் காட்டுவாராம். பித்தளைக் குழாயைத் துணியால் துடைத்து, இருட்டுக் கூடாரத்தின் பின்பக்கத் துணிச் சுவரில் செருகுவார். கண்ணை வைத்தால் அந்தக் கோடியில் மினுக்கென்று ஒரு பொட்டு. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இருபத்தேழு நட்சத்திரமும் ஒரே திக்கில் எப்படி வந்து நின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாவமாம்.

வினை பாஞ்சாலிக்கு வந்தது. அவளுக்கும் சீனுவாசனுக்கும் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. சீனுவாசனின் அப்பா பெயர் மண்ணாங்கட்டி. அவரோ, பெண்ணின் நட்சத்திரத்தைப் பார்க்காமல் தாலி கிடையாது என்றுவிட்டார். அவளுடையது ஆயில்யம். மாமியாருக்கு ஆகாதாம். மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். அதெல்லாம் நட்சத்திரத்துக்குத் தெரியுமா? குழாயில் ஆயில்யம் புகைந்துபோய்த் தெரிந்தது. கறவை மாட்டைத் தானம் செய்தால் துலங்கும் என்றார் சாமியார். தானம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாஞ்சாலியின் தாய் வீரம்மாளுக்கு அந்தச் செவலைப் பசுதான் சோறு. அழுதுகொண்டே ஓட்டி வந்து கூடாரத்தின் பின்னால் கட்டினாள்.

பாஞ்சாலி மறுபடி கண்ணை வைத்தாள். ஆயில்யம் பளிச்சென்று மின்னியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அணைந்தது. வெளியே பசுவின் கழுத்துமணி குலுங்கியது. மணி மறுபடி குலுங்க, பொட்டு திரும்பி வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மண்ணாங்கட்டியிடம் சொன்னாள்:

"மாமா, நீங்க உங்க அஸ்வினியப் பாத்துக்கினு இருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன்."

சாமியார் தடுப்பதற்குள் மண்ணாங்கட்டி கண்ணை வைத்துவிட்டார். பாஞ்சாலி பசுவைக் குழாய்க்கு எதிரே நிறுத்தினாள்.

"அஸ்வினி தெரியுதா மாமா?"

"காணோமேம்மா."

பசுவை நகர்த்தினாள். "இப்போ?"

"தோ, வந்துட்டுது."

"இப்போ?"

"போயிட்டுது. இன்னாம்மா பேஜாரு இது?"

வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு தரம் பார்த்தார்கள். பசு வந்தால் பரணியும் போயிற்று, பூசமும் போயிற்று. பாஞ்சாலி குழாயை வெளியே உருவினாள். கோடியில் ஒரு தகர மூடி, அதில் ஊசி குத்திய ஓட்டை. சாமியாரின் துடைக்கும் துணிக்குள் எண்ணெய்க் காகிதம். அதை ஓட்டைமேல் ஒட்டினால் எந்த நட்சத்திரமும் புகையும்.

"இதான் மாமா ஆயில்யம். உங்க அஸ்வினியும் இதேதான்."

சாமியார் பின்பக்கமாக நழுவினார். அங்கே பசு கொம்பை ஆட்டியது. பிடிபட்டார்.

"மாட்ட ஊட்டுக்கு ஓட்டிக்கினு போங்க சம்பந்தி," என்றார் மண்ணாங்கட்டி, வீரம்மாளின் முகத்தைப் பார்க்காமல். "தையிலயே கல்யாணம்."

"நாளு நட்சத்திரம் பாக்க வேணாமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அத்த மாட்டக் கேட்டுக்கலாம்," என்றார் மண்ணாங்கட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வானத்து நட்சத்திரத்தையே மறைத்த தெய்வப் பசு என்று செவலையின் காலில் விழுந்து கும்பிட்டார். அவருக்கும் கழுத்துக்கு மேலே தலை இருக்கிறது. தலைப்பாகை கட்ட மட்டும்தானா அது? யோசியுங்கள் ஐயா, உங்களிடமும் ஒன்று இருக்கிறது.