மக்கீனின் மௌத்துக்கு ஒரு பவுசர்

குழாயைத் திறந்ததும் அது மக்கீனின் முகத்தில் நீளமாக ஏப்பம் விட்டது. தண்ணீர் வரவில்லை.

"அஸர் தொழுகைக்குப் பொறகு மாப்பிள வீட்டாக்கள் வாறாங்க," என்றாள் மனைவி றம்ஸியா. "டொய்லட்டுக்கு ஊத்தவும் தண்ணி இல்லாத வீட்டுல யாரு பொண்ணெடுப்பாங்க? நம்மட புள்ள பஸ்லினாட வாழ்க்க இப்ப உங்கட கையிலதான்."

மக்கீனின் கையில் இருந்தது ஃபோன். கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருந்த ப்ளெட்ஸ் மாடி வீடுகளுக்கு வீடமைப்புக் காரியாலயம் பெயின்ட் அடித்ததில்லை, பழுதான மோட்டாரை மாற்றியதில்லை. 'அயல்' என்றொரு ஃபோன் அப் மட்டும் கொடுத்திருந்தது. மக்களை இணைப்பதற்காம். அதன் திறப்பு விழாவில் பேசிய பெரியவர்கள் எல்லோரும் போத்தல் தண்ணீர்தான் குடித்தார்கள்.

மக்கீன் அதில் முறைப்பாடு போட்டார். விரலை எடுக்குமுன் பதில் வந்தது: 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

ஆத்திரத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தார். 'கருத்துக்கு நன்றி. முறைப்பாடு மூடப்பட்டது' என்றது அப்.

காரியாலயத்துக்குக் கோல் எடுத்தார். மக்கள் இணைப்பு அதிகாரி மோகனராஜ் பேசினார்.

"நானா, அப்புல போடுங்க."

"போட்டேன் தம்பி. தீர்ந்திட்டு எண்டு சொல்லுது."

"அப்ப தீர்ந்துருச்சுல்ல?"

"தண்ணி வரல்லயே!"

"எனக்கு இங்க பச்சையாத் தெரியுது நானா. பச்சையா இருக்கிறத நான் எப்படிச் சிவப்பாக்குறது?"

அப்போதுதான் மக்கீனுக்கு அந்த யோசனை வந்தது. அண்மையில் கீழ் மாடியில் ஒருவர் மௌத்தானபோது, மையித்து உடலைக் குளிப்பாட்டக் கட்டில் வருமுன்னே தண்ணீர் பவுசர் லொறி வந்து நின்றது. அப்பில் உள்ள எல்லாப் பொத்தான்களிலும் 'மரண அறிவித்தல்' ஒன்றுக்குத்தான் காரியாலயம் பயந்தது. மரண வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் யாராவது வீடியோ எடுத்துவிடுவார்களே.

பெயர் கேட்டால் தூரத்துச் சொந்தம் யாரையாவது போடலாம் என்று நினைத்து அமுக்கினார். அப் பெயரே கேட்கவில்லை. வீட்டுக்காரரின் பெயரைத் தானாக எடுத்து ப்ளெட்ஸ் முழுவதற்கும் அனுப்பியது: 'நான்காம் மாடி ஜனாப் மக்கீன் காலமானார்.'

பதறிப்போய் அழிக்கப் பார்த்தார். 'இறந்தவரின் கணக்கிலிருந்து மாற்றம் செய்ய இயலாது.'

"நான் உயிரோட இரிக்கேன்" என்று எழுதிப் போட்டார். அப் அதற்குக் கறுப்புக் கரை கட்டி, 'அன்னாரின் நினைவுகள்' என்று தலைப்பிட்டு எல்லோருக்கும் பகிர்ந்தது. அழுகை முகங்கள் குவிந்தன. வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு ஸமீம்கூட, 'தங்கமான மனிசன்' என்று எழுதியிருந்தார்.

றம்ஸியாவின் ஃபோன் ஓயவில்லை. அக்காமார் ஒவ்வொருவருக்கும் கத்திச் சொன்னாள்: "இல்ல தாத்தா, இவரு இரிக்கார்... இல்ல, எங்கட நெஞ்சில இல்ல, கதிரையில இரிக்கார்!"

மக்கீன் மறுபடி காரியாலயத்தைப் பிடித்தார். "தம்பி, நான் மக்கீன் பேசுறேன்."

"ஆழ்ந்த அனுதாபங்கள் நானா."

"நான் மௌத்தாகல்ல!"

"அப்படின்னா உயிரோட இருக்கிறதுக்குக் கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம் எடுத்து அப்புல ஏத்துங்க."

"சரி, ஏத்துறேன்."

"ஏத்த முடியாது நானா. உங்க கணக்கத்தான் மூடியாச்சே."

பவுசர் வந்தது. அதற்கு முன்பே சனம் வந்துவிட்டது. படிக்கட்டு நெடுகிலும் தொப்பிகள். இரவல் கதிரைகள் தலைக்கு மேலாக ஏறின. வாசலில் யாரோ மரண வீட்டு வெள்ளைக்கொடி கட்டினார்கள். ஸமீம் விம்மிக்கொண்டே ஓடிவந்து, வாசலில் நின்றவரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"உயிரோடயா இரிக்கீங்க?" கண்ணீர் சட்டென்று நின்றது. "கடயப் பூட்டிட்டு வந்தேனே, மனிசா!"

அந்த நேரம் பார்த்துத்தான் அக்குறணையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா அம்ஜத் ஹாஜியாரும் மனைவி அனீஸாவும் பழக்கூடையோடு படியேறி வந்தார்கள். பளபளக்கும் வெள்ளை உடையில், அத்தர் மணக்க நின்ற ஹாஜியார் கொடியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"யாரு மௌத்து?"

"நான்தான் ஹாஜியார்," என்றார் மக்கீன். வேறு வழியில்லை. தண்ணீர், நட்சத்திரம், பொத்தான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஹாஜியாரின் முகம் இறுகியது. "மௌத்துல வெளையாடுறதா? அல்லாஹ்வுக்குப் பயமில்லாத வீட்டுல நாங்க சம்பந்தம் செய்யமாட்டோம். வா அனீஸா, போவோம்!"

உள்ளறையில் பஸ்லினா விசும்புவது கேட்டது. றம்ஸியா முந்தானையால் முகத்தை மூடினாள். மக்கீனுக்கு, உண்மையாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

அனீஸா அசையவில்லை. பழக்கூடையை றம்ஸியாவின் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையில் வசதியாக உட்கார்ந்தாள்.

"இவர்ட கதைய உடுங்க றம்ஸியா தாத்தா. எங்கட ப்ளெட்ஸ்லயும் இந்த அப்தான். இவரும் காலையில மௌத்தாகித்தான் குளிச்சிட்டு வந்தீக்கார்."