வல்லாரையை வாட வைத்த ரோலர் ஐயா

இலங்கைத் தீவில் இதுவரை அடுப்பு மூட்டியவர்களுள், தாம் வைத்த கறியை ஒரு தடவைகூட விழுங்கிப் பார்க்காதவர் ஒருவரே. அவர் எங்கள் ரோலர் ஐயா. இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொல்வேன். ஏனெனில் அவர் விழுங்காததையெல்லாம் விழுங்கியவன் நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பட்டப்படிப்பை முடித்த கையோடு, சமூகத்தை மாற்றியே தீர்வது என்ற உறுதியும் ஒரு தகரப் பெட்டியுமாகத் மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். உத்தியோகத்தர் குடியிருப்பு ஒன்றின் ஒரு பாதியை எனக்கு ஒதுக்கினார்கள். மறுபாதியில் தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் இருந்தார். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காயவைத்துத் தூளாக்கும் வேலை முழுவதும் அவர் பொறுப்பு. கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரத்தின் மீது அவருக்கிருந்த பக்தியைக் கண்டு தொழிலாளர் அவருக்கு அதன் பெயரையே சூட்டிவிட்டனர்.

தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்தராக உயர்ந்தவர் அவர். எங்கள் தோட்டங்களில் உயர்வு என்பது ஒரு விசித்திரமான தண்டனை. கீழே இருந்தவர்கள் அவரை வீட்டுக்கு அழைக்கக் கூசினார்கள். மேலே இருந்தவர்களுக்கு அழைக்கும் எண்ணமே வந்ததில்லை. திருமணமும் ஆகவில்லை. தொழிற்சாலைச் செய்தி கொண்டுவருபவரைத் தவிர அவர் கதவை எவரும் தட்டி நான் பார்த்ததில்லை.

ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அவருடைய தங்கை செல்லம்மா. அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அண்ணனுக்கு ஸ்டாஃப் உத்தியோகம் கிடைக்க வேண்டுமென்று கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு மச்சம் மாமிசத்தை விட்டவள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரை அவள் ‘ஐயா’ என்றுதான் அழைக்க வேண்டும். பகல் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது மட்டும் ‘அண்ணே’ என்பாள். பல ஆண்டுகளாக அவர் உண்டது அவள் கைச் சோறு.

அப்போது இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி எங்கள் மக்கள் பங்கு பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. தங்கை, அவள் கணவன், இரண்டு பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. புறப்பட ஏழு வாரம் இருந்தது.

செய்தி வந்த அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த உரையாடல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“நான் போயிட்டா நீ என்னத்தண்ணே திம்பே? ஒரு சுடுதண்ணி வைக்கத் தெரியுமா ஒனக்கு?”

“கொழும்புல கப்பல் கப்பலா ஏத்துற தேயிலைய நான்தான் ஆக்குறேன்.”

“அது மிசினு ஆக்குது. நீ பக்கத்துல நிக்கிற.”

பிறகு அவள் குரல் தணிந்தது.

“பயணம் போறவங்களுக்குச் சொந்தக்காரங்க விருந்து வைக்கிறது வழக்கந்தானே? நீயும் வையி. ஆனா ஒங்கையால சமச்சு வையி. ஒன்னால பொங்கித் திங்க முடியும்னு கண்ணால பாத்துட்டாத்தான் நான் நிம்மதியாக் கப்பலேறுவேன். இல்லேன்னா அங்க போயும் எனக்குச் சோறு எறங்காது.”

மறுநாளே ரோலர் ஐயா சமையலைக் கற்கத் தொடங்கினார். கற்றுத்தர யாருமில்லை. தமக்குத் தெரிந்த ஒரே உற்பத்தி முறையைக் கையாண்டார்.

முதல் பலி வல்லாரை. சுண்டுவதற்கு வாங்கிய வல்லாரையைச் சாக்குத் துணியில் பரப்பிப் பதினான்கு மணி நேரம் வாட வைத்தார். உள்ளங்கையால் உருட்டினார். ஈரத் துணியால் மூடிச் செப்பு நிறம் வரும்வரை புளிக்க வைத்தார். இறுதியில் சட்டியில் வறுத்துக் கறுப்பாக ஏதோ ஒன்றை என் தட்டில் கொட்டினார்.

“ஐயா, இத சுடுதண்ணியில போட்டுக் குடிக்கலாம் போலிருக்குங்களே?” என்றேன் கேலியாக.

அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்தார். கேத்தலை அடுப்பில் வைத்தார். அன்று நாங்கள் வல்லாரைத் தேநீர் குடித்தோம். அதாவது, நான் குடித்தேன். அவர் கரண்டியில் அள்ளி ‘ஸ்ஸ்ரூப்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, படிக்கத்தில் துப்பினார். இருபது ஆண்டுகளாகத் தேயிலைச் சாயத்தை அப்படி மதிப்பிட்டு வந்தவருக்கு வேறு விதமாகச் சுவைக்கத் தெரியாது. ரசமானாலும் சொதியானாலும் அதே உறிஞ்சல், அதே துப்பல், அதே தீர்ப்பு.

“நெறம் இருக்கு மாஸ்டர். உறைப்பு இருக்கு. பாடிதான் பத்தல.” தேயிலைச் சாயத்தின் கனத்தைத்தான் அவர்கள் ‘பாடி’ என்பார்கள்.

“என்ன எலைங்க ஐயா இது?” என்று இன்னொரு நாள் தட்டைக் காட்டிக் கேட்டேன்.

“முள்முருங்க. தேயிலைக்கு நெழலுக்கு நிக்குதே, அதுதான். ஆடு திங்குது. நமக்கென்ன கொறச்சல்?”

அரிசி, மாவு, பருப்பு எல்லாமே தட்டுப்பாடாக இருந்த காலம். தங்கையோ மீனும் கருவாடும் தொடாதவள். ஆகவே மலையில் முளைத்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓடையோரத்துப் பெரணிச் சுருள், மரத்தக்காளி, வாழைத் தண்டு, தேயிலைக் கொழுந்தில் வடை. அந்த வடையை உண்ட நான் இரண்டு நாள் கண்ணயரவில்லை. பெரணிக்கு அடுத்த நாள் பாடசாலைக்கே போகவில்லை. இவற்றைச் சொல்லிச் சக ஆசிரியர்களைச் சிரிக்கவைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். அவர் பரிசோதனைக்காகப் பறித்த அதே இலைகளைப் பசிக்காகப் பறித்தவர்கள் எங்கள் லயங்களில் இருந்தார்கள்.

நான்காம் வாரம் தொழிற்சாலையிலிருந்து கருவிகள் வந்தன. கறிக்கு ‘பாடி’ இல்லாததற்குக் காரணம் கையால் வேலை செய்வதுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அடுப்புக்கு மேலே ஈரப்பதமானி தொங்கியது. தூள் சலிக்கும் சல்லடைகளில் நறுக்கிய கரட் சலிக்கப்பட்டது. தேயிலைத் தூளைப் போலவே பெரிய துண்டு ஒரு தரம், நடுத்தரம் பி.ஓ.பி., நொறுங்கியது டஸ்ட். ஒவ்வொரு தரமும் தனிச் சட்டியில், தனி நேரக் கணக்கில் வெந்தது.

தேங்காய் திருவ, தொழிற்சாலை இயந்திரத்தின் வாரோடு ஒரு திருவலகைப் பூட்டினார். அது திருவியது உண்மை. ஆனால் திருவிய பூ முழுவதும் பறந்து போய், காய்ந்துகொண்டிருந்த தூளில் விழுந்தது. இரண்டு வாரம் கழித்துக் கொழும்புத் தரகரிடமிருந்து, தேயிலையில் தேங்காய் மணப்பது ஏன் என்று தோட்ட நிர்வாகியான துரைக்குக் கடிதம் வந்தது. “காத்து கடற்கரைப் பக்கமிருந்து அடிச்சிருக்குங்க தொர” என்று ரோலர் ஐயா விளக்கமளித்தார்.

பிரஷர் குக்கர் கடைகளில் கிடைக்காத காலமாதலால் அதையும் அவரே செய்தார். கனத்த இரும்பு டின் ஒன்றுக்கு மரை வைத்த மூடி. இயந்திரம் பழுதுபார்க்கும் சிங்கள மேஸ்திரியான பாஸ், மரை வெட்டிக் கொடுக்கும்போதே எச்சரித்தார்.

“ஐயா, இது குக்கர் இல்ல. குண்டு.”

“நீங்க மரைய மட்டும் வெட்டுங்க பாஸ். சமையல் எனக்குத் தெரியும்.”

மரவள்ளிக் கிழங்கு அதற்குள் பதினெட்டு நிமிடம் பொறுமையாக இருந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் மூடி தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு பதினோராம் நம்பர் தேயிலை மலைக்குப் போனது. கிழங்கு சுவர் நான்கிலும் அப்பிக்கொண்டது. ரோலர் ஐயா சுவரிலிருந்து கொஞ்சம் வழித்து, உறிஞ்சி, துப்பி, “நல்லா வெந்திருக்கு” என்றார்.

இப்படியாக விருந்து நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. செவ்வாயன்று அவர்கள் ரயில் ஏறுகிறார்கள், எங்கள் பேச்சில் கோச்சி. விடியுமுன்னரே எழுந்து ஒன்பது சட்டி வைத்திருந்தார் மனிதர். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. கொழுந்து குவிந்து கிடக்கிறது, புளிக்கிற கொழுந்து விருந்துக்காகக் காத்திருக்காது.

“மாஸ்டர், அடுப்ப மட்டும் பாத்துக்கங்க. மூடியத் தெறக்காதீங்க, ஆவி போயிரும்” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு விளைவுகளைப் பார்த்தேன். ஒரு பெண் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடக்கப் போகிறாள். இந்தச் சட்டிகளில் ஒன்றைத் திறந்தால் போதும், வாழ்நாள் முழுவதும் அண்ணனை எண்ணி அழுவாள். ஒரு சிறிய பொய் ஒரு பெரிய துயரத்தைத் தடுக்குமாயின் அதுவே அறம். தர்க்கம் பிழையின்றி இருந்தது. நான் தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன்.

சைவக் கடை முதலாளி முதலில் கைவிரித்தார். “சோறு பருப்பெல்லாம் ஏது மாஸ்டர் இந்தக் காலத்துல?”

காரணத்தைச் சொன்னேன்.

“இந்தியா போற புள்ளைக்கா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? வீட்டுக்குன்னு வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க.”

சோறு, பருப்பு, பூசணிக்கறி, பலாக்கொட்டைக் குழம்பு. கெரியரில் கொண்டுவந்து அவருடைய சட்டிகளுக்குள் மாற்றினேன். அவர் வைத்தவற்றை விறகுக்குப் பின்னால் மறைத்தேன். ஒன்றையும் நான் சுவைத்துப் பார்க்கவில்லை. இன்றுவரை என்னை வருத்துவது அதுதான்.

பகலில் அவர் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்தபோது விருந்தினர் பாயில் அமர்ந்திருந்தனர். முதல் மூடியைத் திறந்தார். பூசணித் துண்டுகள் ஒன்றுபோல ஒன்று இல்லாமல், தரம் பிரிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பரிமாறத் தொடங்கினார்.

செல்லம்மா ஒரு வாய் உண்டாள். கை நின்றது.

“அண்ணே, இத நீயா வச்சே?”

அடுப்பில் விறகு ஒன்று சரிந்து விழுந்தது.

“ம்.”

“பூசணிக்கு என்ன போட்டே?”

“அது… தொழில் ரகசியம்.”

“ரகசியமாம்ல! எழுதிப் போடுண்ணே. அங்க போயி நான் வச்சுப் பாக்கணும்.”

“எழுதுறேன்.”

பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அவள் சாப்பிட்டாள், சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் உண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்டேசன் முழுவதும் ஒரே அழுகுரல். ஜன்னல் வழியாகச் செல்லம்மா என் கையைப் பற்றினாள். “மாஸ்டர், இனி எனக்குக் கவல இல்லீங்க. எங்கண்ணன் பொழச்சுக்கும்.” கோச்சி வளைவில் மறைந்த பிறகும் ரோலர் ஐயா நெடுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே வந்ததும் சொன்னார். “மாஸ்டர், நான் எந்தங்கச்சிக்கிட்ட சொன்ன ஒரே பொய் அது. அதுவும் நீங்க ஆக்கி வச்ச பொய்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண? அவ எழுதச் சொல்லியிருக்கா. எழுதணும்னா எனக்கு வைக்கத் தெரியணும். தெரிஞ்சிட்டா அது பொய்யில்ல. அந்தக் கடை எங்க இருக்கு? வாங்க, காட்டுங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சைவக் கடைக் குசினியில் தோட்டத்து டீமேக்கர் வெங்காயம் உரித்தார். “கடிகாரத்தப் பாக்காதீங்க ஐயா, கறியப் பாருங்க!” என்று முதலாளி கத்துவார். “சரிங்க” என்பார் இவர், பணிவோடு. பிறகு வீட்டுக்கு வந்து அதையே வைப்பார். குற்றவாளி என்ற முறையில் நான் உண்பேன். பூசணிக்கறி வசப்பட ஏழு மாதம் ஆனது. அதன் பிறகே அவர் தங்கைக்கு முதல் கடிதத்தை எழுதினார்.

நீலகிரிப் பக்கமிருந்து பதில் வந்தது. “இங்கேயும் மலைதான் அண்ணே. ஆனால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நீ எழுதினபடி கறி வைத்த அன்றைக்கு மட்டும் நம் வீடு மாதிரி இருந்தது.” அவர் அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினார். மூன்றாம் முறை பாதியில் நிறுத்திவிட்டு, சோறு போட எழுந்து போனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. அதன் பின் எத்தனையோ பேர் வீட்டில், எத்தனையோ நல்ல சமையல் உண்டிருக்கிறேன். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலானால் எனக்கு இன்னும் அவர் வீட்டுச் சோற்றுக்குத்தான் பசிக்கிறது.