ஒற்றைப் படுக்கைப் படகு

பாய்மரப் படகு கட்டி அதில் தன்னந்தனியாகக் குடியேறிவிடுவது என்று பிரேம்நாத் முடிவெடுத்தான். சனி, ஞாயிறு மட்டும்தான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவன் பேட்டர்ன் மாஸ்டர். தட்டையான தோலை வெட்டித் தைத்து வளைந்த காலுக்கு ஷூ செய்கிறவனுக்கு, தட்டையான பிளைவுட்டை வெட்டிச் செம்புக் கம்பியால் தைத்துப் படகு செய்வது பெரிய காரியமா? பதினாறு அடி நீளம். கூர்மூக்கு ஷூ மாதிரி ஒல்லி. உள்ளே குட்டி அறை, ஒரே ஒரு படுக்கை.

அந்த ஒரே ஒரு படுக்கையில்தான் விஷயமே இருந்தது. மனைவி ஜெனிஃபா வேலூர் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். வீட்டிலும் அவள்தான் ஹெட். இவன் பேஷண்ட், இரண்டு அர்த்தத்திலும்.

“ரெண்டு பேர் படுக்க எடமில்லீங்களா?” என்றாள் அவன் வரைந்த படகுப் படத்தைப் பார்த்து.

“அகலம் ஜாஸ்தியானா வேகம் கம்மியாய்டும் ஜெனி. டிசைன் அப்படி. நான் இன்னா பண்றது?”

“வருத்தமா இருக்குமே உங்களுக்கு.”

“பின்ன? மனசே கேக்கல.”

அவன் அட்டையில் செய்து மெழுகு பூசி வைத்திருந்த மாதிரிப் படகை அவள் எடுத்துப்போய், துணி ஊறவைக்கும் டப்பில் மிதக்கவிட்டாள். அதில் ஒரு கத்தரிக்காயை வைத்தாள்.

“இது நீங்க.”

“நான் இவ்ளோ குண்டா?”

“சின்னக் காயாத்தான் எடுத்தேன். இப்ப பாயை இழுக்க ஓரமா வர்றீங்க.”

காயை விரலால் லேசாக நகர்த்தினாள். படகு குப்புறப் படுத்தது.

“என்னைக் கவுத்துட்டியே.”

“டிசைன் அப்படி. நான் இன்னா பண்றது? கத்தரிக்காயாவது மிதக்குது. உங்களுக்கு நீச்சலும் தெரியாது.”

பிரேம்நாத் போய் எல்லாவற்றையும் அழித்து வரைந்தான். படகு அகலமானது. அடியில் கனமான இரும்புத் தகடு வந்தது. படுக்கைக்கு எதிரே காலி இடமும் வந்தது.

“நீங்க இந்தப் பக்கம் படுத்தா, அந்தப் பக்கம் சமமா வெயிட் வேணுமே?” என்றாள் ஜெனிஃபா.

“வேணும். எவ்ளோன்னு பாக்கணும்.”

“ஏறக்குறைய என் வெயிட்டு.”

இரண்டாவது படுக்கையும் வந்தது.

கம்பெனி தோஸ்த் தபரேஸ் மினி லாரியில் ஏற்றிவந்து, மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் படகை இறக்கிக் கொடுத்தான். புருஷனும் பெண்சாதியும் நடுத்தண்ணீருக்குப் போனபோது திடீரென்று காற்று அறைந்தது. பாய் தண்ணீரைத் தொட்டது. பிரேம்நாத் கண்ணை மூடிக்கொண்டு இயேசுவைக் கூப்பிட்டான். படகு ஒரு நொடி யோசித்துவிட்டு, மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒல்லிப் படகாக இருந்திருந்தால் இந்நேரம் அடியில் கிடந்திருப்பான். அது அவனுக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஜெனி, நீ இல்லேன்னா நான் இல்ல. தனியாப் போய்டணும்னு பார்த்தேன் பாரு, எவ்ளோ பெரிய மடையன். உனக்கு நான் இன்னா செய்யட்டும், சொல்லு.”

அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அந்தச் சுக்கானைக் கொஞ்ச நேரம் குடுங்க.”

இதைவிடச் சின்ன ஆசை உண்டா? மனசாரக் கொடுத்தான்.

வெயில் தாழ்ந்து கரை கண்ணில் பட்டபோது, மேலேயிருந்து கேப்டனின் குரல் அறைக்குள் வந்தது.

“வெங்காயத்த இன்னும் கொஞ்சம் பொடிசா நறுக்குங்க.”