நாற்பத்திரண்டு வீட்டு ஜனநாயகம்

மலேசியாவில் கோப்பெங்குக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர் எஸ்டேட்டாக இருந்து இப்போது தாமான் லாவான் இண்டா என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள் உண்டு. அந்த நாற்பத்திரண்டு வீடுகளின் சங்கம், உலகத்தையே கட்டி ஆளும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பிடியிலிருந்து விடுதலை பெறுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவள் நவமணி.

நவமணிக்கு உலகத்தைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவளுடைய கவலை ஒரு வேன். அவள் கணவர் ஐயாவு வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டு வருகிறார். இலவச வேன் தாமானில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். எங்கே நிற்பது என்று அந்தக் கம்பெனியின் ‘கூட்டாளி’ செயலியில் சங்கம் ஓட்டெடுப்பு வைத்தது. யாருக்கு எதில் ஆர்வம் என்று கூட்டாளிக்கே தெரியுமாம். அதனால் கேள்வியைப் பத்தொன்பது வீட்டுக்கு மட்டும் காட்டியது. மற்றவர்களுக்கு இட்லிப் பானை விளம்பரம் காட்டியது. நவமணிக்கு வந்தது இட்லிப் பானை. வேன் மேட்டுக் கடையோடு நின்றுவிட்டது. ஊசி குத்திய கையோடு ஐயாவு அங்கிருந்து வீட்டுக்கு எண்ணூறு மீட்டர் நடந்து வருகிறார்.

மறு ஓட்டெடுப்பை முறைப்படி நடத்த, அரசு இலாகா ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டு கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்ற ஸ்கந்தராஜா ஈப்போவிலிருந்து வரவழைக்கப்பட்டார்.

“விவரமெல்லாம் ஒரே இடத்தில இருந்தால் அது சர்வாதிகாரம்,” என்றார் அவர். “அவரவரிட்டயே இருந்தால் ஊழல், திருத்திப்போடுவினம். ஆகவே பக்கத்து வீட்டில இருக்க வேணும். விளங்குதோ?”

யாருக்கும் விளங்கவில்லை. ஆகவே பலமாகக் கைதட்டினார்கள்.

‘அதிகாரப் பரவலாக்கச் செயல்முறை விதிகள்’ பதினேழு பக்கம் வந்தது. சாரம் இதுதான்: வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஓட்டுப் போடுபவர் தன் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், சம்பளம் எல்லாவற்றையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வலது பக்கத்து வீட்டில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு நாளன்று அந்த வீட்டுக்காரர் உறையைப் பிரித்துப் படித்து, ‘இவர் இவரேதான்’ என்று சாட்சி சொல்ல வேண்டும். அதன் பிறகே ஓட்டுச்சீட்டு.

நவமணியின் வலது பக்கத்து வீடு பழனியப்பனுடையது. அவருடைய ரம்புத்தான் மரத்தின் கிளையை இவள் வெட்டப்போக, பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஐயாவுக்காக மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, சனிக்கிழமை எனக்குச் சாட்சி சொல்லணும்.”

“சனிக்கிழமை லூமுட்டுக்கு மீன் பிடிக்கப் போறேன்லா.”

“அவரு படுற பாடு உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். என் மரம் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? மன்னிப்புக் கேளு, வாரேன்.”

கேட்டாள். மரத்திடமும் கேட்கச் சொன்னார். மரத்திடமும் கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் ஆளாக நவமணி போனாள். பழனியப்பன் சொன்ன சொல் தவறாமல் வந்து, உறையைப் பிரித்து, கோயில் கணக்கு வாசிப்பவர் போலக் குரலை உயர்த்தினார்.

“பேரு நவமணி. ஐசியில முதல் ஆறு நம்பர்தான் பொறந்த தேதி. அதுபடி வயசு அறுபத்தொண்ணு!”

முன்வரிசையில் இருந்த அவளுடைய சம்பந்தியம்மாள் இருளாயி எழுந்தே விட்டாள். “எனக்கே அம்பத்தெட்டுதான். ஏழு வருஷமா என்னைய அக்கா அக்கான்னு கூப்பிட்டியே!”

மண்டபம் சிரித்தது. சிரித்து முடித்ததும் அத்தனை பேருக்கும் தத்தம் உறையின் ஞாபகம் வந்தது. ஜெயபாலனின் வலது பக்கத்து வீட்டு விமலா, தன் கையிலிருந்த அவன் உறையைத் தடவிப் பார்த்தாள். பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு சம்பளம், உதவித்தொகை மனுவில் ஒரு சம்பளம் என்று சொல்லியிருந்த ஜெயபாலனுக்கு வேர்த்துவிட்டது. அடுத்து வர ஒருவரும் தயாராக இல்லை. ‘நீ பிரிச்சா நானும் பிரிப்பேன்’ என்று ஆளுக்கு ஓர் உறையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் நவமணியின் ஒற்றை ஓட்டு கிடந்தது.

“முறை செம்மையா இயங்குது,” என்றார் ஸ்கந்தராஜா. “இனி ஒருத்தரும் ஒருத்தரையும் அடக்கி ஆள ஏலாது.”

“ஒண்ணுமே செய்யவும் முடியலியே ஐயா?” என்றாள் விமலா.

“அதுதான் பாதுகாப்பு.”

ஜெயபாலன் எழுந்தான். “பேசாம எல்லாத்தையும் அந்தக் கம்பெனிகிட்டயே குடுத்துடுவோம்லா! அவனுக்கும் நம்ம வண்டவாளம் தெரியும். ஆனா அவன் கடல் தாண்டி இருக்கான். நம்ம கடையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நம்மளப் பத்திப் பேச மாட்டான்.”

விடுதலை கிடைத்ததுபோல ஆரவாரம் எழுந்தது. ‘சங்கத்தின் விவரங்களும் ஓட்டெடுப்புகளும் இனி என்றென்றும் கூட்டாளி செயலிக்கே உரியவை’ என்று ஸ்கந்தராஜா எழுதி வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. எண்ணி எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் நவமணிக்குப் பொறி தட்டியது.

“ஐயா! இப்ப கை தூக்கினப்போ யாரும் சாட்சி கேக்கலியே? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்தானே? அதே மாதிரி வேனுக்கும் கை தூக்கிடுவோம். ஒரு நிமிஷ வேலை!”

“ஆமாலா!” என்றார்கள் பலர். பழனியப்பன்கூட, “தூக்குறேன்லா, அந்த மனுசன் பாவம்,” என்றார்.

ஸ்கந்தராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏலாது. இனிமேல் கை தூக்கி முடிவெடுக்கிறதில்லை எண்டு இப்பதானே கை தூக்கி முடிவெடுத்தனீங்கள். எதிர்ப்பு ஒருத்தருமில்லை.”

நவமணி யோசித்துப் பார்த்தாள். இருளாயியின் பார்வையைத் தாங்க முடியாத அவசரத்தில், எல்லாருக்கும் முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான்.

அவள் மேட்டுக் கடைக்கு ஓடியபோது வேன் வந்துவிட்டது. ஐயாவு கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

“என்னாச்சு? ஜெயிச்சோமா?”

“ஜெயிச்சோம். நாப்பத்திரெண்டு வீடும் ஒரே பக்கம்.”

“அப்ப அடுத்த வாரம் வேன் நம்ம வீட்டுக்கிட்ட நிக்குமா?”

நவமணி அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மொதல்ல நடங்க,” என்றாள்.