பாண் காக்கா வைத்த பேர்

கல்முனையில் எங்கட பகுதி ஆக்களுக்கு வாப்பாமார் வைத்த பேர் அடையாள அட்டையில் மட்டும்தான் கிடந்தது. ஊருக்குள் நடமாடிய பேரெல்லாம் பாண் விற்கிற காக்கா வைத்தது. சுபஹ் தொழுகையோடு சைக்கிளில் பேக்கரிப் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். ஒரு வாசலிலும் ஒரு நிமிஷம் கால் தரிக்காது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு இஸ்மாயில். எந்த வீட்டுக்கு எத்தனை பாண் என்று மனிசன் எப்படிப் பிரித்து வைப்பார்? வெயிலோ மழையோ குடையோடு திரிந்தவர் 'குடை'. எதைக் கேட்டாலும் "பார்ப்பம்" என்ற கிளாக்கர் 'பார்ப்பம்'. அவருடைய பாவப்பட்ட மனைவி 'பார்ப்பம் ராத்தா'.

என் தம்பியும் இஸ்மாயில்தான். ஒருநாள் பாண் வாங்க ஓடினவனின் இடுப்புச் சாரன் வேலிக் கம்பியில் மாட்டியது. அவன் வந்து சேர்ந்தான், சாரனில் பாதி வரவில்லை. பாண் கைக்கு வருமுன் பேர் வந்துவிட்டது: 'அரைச்சாரன்'. கலியாணம் பேச வந்தவர்களே சந்தியில் அந்தப் பேரைச் சொல்லித்தான் வீடு கேட்டார்களாம். உம்மா கொதித்துப்போய் காக்காவோடு கதையை நிறுத்தினா. ஆறு மாதம் பாண் இல்லை, வீட்டில் சுட்ட ரொட்டிதான்.

பிறகு சுனாமி வந்தது. நாங்கள் சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் ஒதுங்கினோம். தம்பியைக் காணவில்லை. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் பாங்கு சொல்லும் மோதினார் "முகம்மது இஸ்மாயில்" என்று கூப்பிட்டார். ஒன்பது பேர் ஓடி வந்தார்கள், எங்கட ஆள் இல்லை. மூன்றாம் நாளும் அதே கதை. உம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தரையிலேயே இருந்துவிட்டா.

சைக்கிளைக் கடலுக்குக் கொடுத்த பாண் காக்கா பள்ளிவாசல் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். உம்மா எழும்பி நேரே அவரிடம் போனா.

"காக்கா, நீங்க வச்ச பேரால என்ட புள்ளையக் கூப்பிடுங்க."

காக்கா மோதினாரிடம் மைக்கை வாங்கினார். "அரைச்சாரன், உம்மா இஞ்ச நிக்கிறா" என்றார். மூன்று தரம் சொன்னார்.

அரை மணித்தியாலத்தில் தம்பி வந்தான், தலையில் கட்டோடு. முதல் நாளே இஸ்மாயில் என்ற கூப்பாட்டைக் கேட்டு வேறு இரண்டு பள்ளிவாசலுக்கு ஓடியிருக்கிறான். இரண்டிடத்திலும் வேறு உம்மாமார் அவன் முகத்தைப் பார்த்து, தங்கட பிள்ளை இல்லை என்று அழுதிருக்கிறார்கள். இனி அந்தப் பேருக்குப் போவதில்லை என்று பக்கத்து முகாமில் ஒரு மூலையில் படுத்துவிட்டானாம்.

உம்மா அவனைக் கட்டிப்பிடித்து விட்ட உடனே அவன் பாய்ந்துபோய்க் காக்காவின் சட்டையைப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்று மோதினார் விலக்க ஓடினார். அவனோ அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்க காக்கா."

ஊருக்கெல்லாம் பேர் வைத்த மனிசன், ஒரு வாசலிலும் கால் தரிக்காதவர், தம்பியின் தலைக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த மனிசனில் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.